பாஸ்போர்ட்டின் அடியில் இரண்டு வரி

டர்பனில் படிக்கத் தென்னாப்பிரிக்கா வந்து இறங்கினால், குடிவரவு கவுன்ட்டரில் அதிகாரி பாஸ்போர்ட்டை வாங்கியதும் புகைப்படப் பக்கத்தை ஸ்கேனர் கண்ணாடியில் கவிழ்ப்பார். அங்கே முதலில் படிக்கப்படுவது பக்கத்தின் அடியில் இருக்கும் இரண்டு வரிகள். வரிக்கு 44 இடம். காலி இடத்தில் கோணக்குறி (<) நிற்கும். எந்த நாட்டுப் பாஸ்போர்ட்டாக இருந்தாலும் அளவும் எழுத்துருவும் ஒன்றுதான்.

மேல்வரியில் நாட்டுக் குறியீடும் பெயரும். பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, காலாவதித் தேதி எல்லாம் கீழ்வரியில். இந்த மூன்றின் வாலிலும் ஆளுக்கொரு சரிபார்ப்பு இலக்கம் உண்டு. அதைக் கையாலேயே போட்டுப் பார்க்கலாம். 2004 ஆகஸ்ட் 15 அன்று பிறந்தவருக்கு அங்கே 040815 என்றிருக்கும். இலக்கங்களை வரிசையாக 7, 3, 1, மறுபடி 7, 3, 1 ஆல் பெருக்கினால் 0, 12, 0, 56, 3, 5. கூட்டினால் 76. பத்தால் வகுத்த மீதி 6, அதுதான் வால். யாராவது 15ஐ 51 என்று தட்டிவிட்டால் கூட்டுத்தொகை 84 ஆகும், மீதி 4. பிழை அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

எழுத்துகளுக்கும் மதிப்பு உண்டு: ஏ என்றால் 10, பி 11, கடைசி எழுத்து 35. ஓ என்ற எழுத்தைச் சுழியமாகப் படித்துவிட்டால் கணக்கு உதைக்கும். ஆனால் ஜி-யை 6 என்று படித்தால் உதைக்காது. ஜி-யின் மதிப்பு 16, இரண்டுக்கும் மீதி ஒன்றே! இந்தச் சின்ன ஓட்டையை அடைப்பது, ஜி-யையும் 6-ஐயும் வேறுபடுத்திக் காட்டும் எழுத்துருவின் வேலை. ஆகவே அந்த இரண்டு வரியில் மை, கீறல், ஈரம் எதுவும் படக்கூடாது. மின்னணுச் சில்லு (சிப்) உள்ள பாஸ்போர்ட் என்றால் பொதுவாக இன்னும் ஒரு காரணம்: பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, காலாவதித் தேதி மூன்றிலிருந்துதான் சில்லைத் திறக்கும் சாவி பிறக்கிறது. வரி படிக்க முடியாவிட்டால் அதிகாரி கையால் தட்ட வேண்டும், வரிசை நகராது.

பெயருக்கு மட்டும் இந்தக் காவல் இல்லை. மேல்வரியில் சரிபார்ப்பு இலக்கமே கிடையாது. தமிழ்நாட்டிலிருந்து வரும் மாணவர்கள் சிக்குவதும் இங்கேதான். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப்பெயராக விரிந்திருக்கும். சான்றிதழில் வெறும் இனிஷியல். விமான டிக்கெட்டில் இரண்டும் இடம் மாறியிருக்கும். டர்பன் தமிழருக்குப் பிள்ளை, நாயுடு எல்லாம் தலைமுறையாகத் தொடரும் குடும்பப்பெயர்கள். அந்தப் பழக்கத்தில் உங்களை உங்கள் அப்பா பெயரால் கூப்பிடுவார்கள்; திரும்பிப் பாருங்கள். சேர்க்கைக் கடிதம், விசா, டிக்கெட் மூன்றிலும் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும். சான்றிதழ்தான் மாறுபடுகிறது என்றால் ‘இருவரும் ஒருவரே’ என்ற உறுதிமொழிப் பத்திரத்தை ஊரிலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.

தென்னாப்பிரிக்கப் படிப்பு விசாவில் கல்வி நிறுவனத்தின் பெயரும் நிபந்தனையாக அச்சிடப்பட்டிருக்கும். கையில் வேறு பல்கலைக்கழகத்தின் கடிதம் இருந்தால் கேள்வி வரும், நியாயமாகவே. விசா ஒட்டுச்சீட்டு கைக்கு வந்த அன்றே எழுத்துக்கு எழுத்து பாருங்கள். பிழையைத் திருத்த வேண்டியது விசா கொடுத்த இடம், கவுன்ட்டர் அல்ல.

ஜோகன்னஸ்பர்க்கில் இறங்கி டர்பனுக்கு மாறுபவருக்குச் சோதனை முழுதும் ஜோகன்னஸ்பர்க்கிலேயே. அங்கே பெட்டியை எடுத்து, சுங்கம் தாண்டி, உள்நாட்டு விமானத்துக்கு மறுபடி ஒப்படைக்க வேண்டும். இடையில் மூன்று மணி நேரமாவது விடுங்கள். பெட்டி கிடைப்பது குடிவரவுக்குப் பிறகுதான். கடிதம், கட்டண ரசீது, மருத்துவக் காப்பீட்டுச் சான்று எல்லாம் கைப்பையில் இருக்கட்டும்.

நைரோபி அல்லது அடிஸ் அபாபா வழியாக வந்து அங்கே 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டை கேட்பார்கள். ஊசி போட்டு 10 நாள் ஆன பிறகே அட்டை செல்லும், உடலில் எதிர்ப்பு உருவாக அத்தனை நாள் பிடிப்பதால். கிளம்பும் முந்தைய நாள் ஓடிப்போய்ப் போட்டால் பயனில்லை.

முத்திரை குத்தி பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் நகராமல் அங்கேயே தேதியைப் பாருங்கள். அனுமதித்த நாளுக்கு மேல் 30 நாளைத் தாண்டித் தங்கினால் ஐந்தாண்டு வரை திரும்பி வர முடியாது.