வீல் ஸ்டட் புல்லர்: அச்சாணி இல்லை, பதியாணி

வீல் ஸ்டட் புல்லர் என்ற கருவியைத் தமிழில் என்னவென்று சொல்வது? முதலில் ஸ்டட்டைப் பார்ப்போம். கார் ஹப்பின், அதாவது சக்கரம் பொருந்தும் சுழலும் நடுப்பகுதியின், பின்பக்கத்திலிருந்து அழுத்திப் பதித்து, மரை வெட்டிய முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஆணிதான் வீல் ஸ்டட். சக்கரத்தை அதில் மாட்டி நட்டைப் போட்டு முடுக்குகிறோம். காரைக்குடி, தேவகோட்டைப் பட்டறைகளில் வெறும் 'ஸ்டட்' என்றாலே போதும்.

பழைய ஆங்கிலத்தில் 'ஸ்டுடு' என்றால் தூண், முட்டுக்கால். நம் செட்டிநாட்டு வீட்டு முகப்பில் பர்மா தேக்குத் தூண் ஒரு முனையில் ஊன்றி மறுமுனையில் தாங்குவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தப் பொருள் சட்டென்று பிடிபடும். குதிரைப் பண்ணையைக் குறிக்கும் ஸ்டட் பழைய ஆங்கிலத்திலேயே வேறு சொல்.

தமிழில் இதை அச்சாணி என்று எழுதத் தோன்றும். குறள் 667-இல் 'உருள்பெருந்தேர்க்கு அச்சாணி' என்று வரும் அழகான பழஞ்சொல் அது. ஆனால் பொருந்தாது. தைப்பூசத்துக்குக் காவடியோடு பழனி போகும் நகரத்தார் மாட்டுவண்டியைப் பாருங்கள். அச்சின் நுனியில் செருகிய ஆணி, சுழலும் சக்கரம் கழன்றுவிடாமல் தடுக்கிறது, அவ்வளவுதான். கார் ஸ்டட் சக்கரத்தோடு சேர்ந்தே சுற்றுகிறது. நட்டை முடுக்கும்போது அது இம்மியளவு நீள்கிறது. அந்த இழுவிசைதான் சக்கரத்தை ஹப்போடு இறுக்கிப் பிடிக்கிறது.

மரையாணி என்றால்? 'மரை கழண்ட ஆளு' என்று திட்டுகிற அளவுக்கு மரை நம் வாயில் புழங்கும் சொல்தான். ஆனால் மரையாணி என்பது எல்லா போல்ட்டுக்கும் பொது. ஒரு முனை பதிந்து நிற்பதுதான் ஸ்டட்டின் தனித்தன்மை என்பதால் 'பதியாணி' என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

அப்புறம் கருவி. புல்லர் என்று பேர் இருந்தாலும் ஸ்டட்டைக் கழற்றும் வகை இழுப்பதில்லை, தள்ளுகிறது. சி வடிவச் சட்டத்தின் ஒரு முனையில் ஒரு திருகு. அதைத் திருகத் திருகப் பதியாணி பின்பக்கமாக வெளியேறும். ஆகவே 'பதியாணி தள்ளி'. புதியதைப் பதிக்கும் வகைதான் உண்மையில் இழுக்கிறது. பேரிங் வைத்த தடித்த வாஷரை மாட்டி நட்டை முடுக்கினால், ஆணியின் கழுத்திலுள்ள பல்வரி துளைக்குள் இழுபட்டு உட்காரும். இது 'பதியாணி இழுவி'.

சுத்தியலால் அடித்து இறக்கும் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிட வேண்டும். அடி முழுவதும் ஹப் பேரிங்கில் இறங்கும். வண்டி ஓடும்போது பின்னாளில் இரைச்சல் கேட்கலாம். ஸ்டட் வாங்கும்போது மரை இடைவெளியையும் பார்க்க வேண்டும். 12 மி.மீ. ஸ்டட்டிலேயே 1.25 மி.மீ., 1.5 மி.மீ. என இரண்டு இடைவெளிகள் உண்டு. மாற்றிப் போட்டால் மரை போய்விடும்.

ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா கார்களில் பொதுவாக ஸ்டட் கிடையாது. சக்கரத்தின் வழியே ஹப்புக்குள் போல்ட்டே நேராகத் திருகப்படுகிறது. அதைச் சக்கர மரையாணி என்று தாராளமாகச் சொல்லலாம்.