மீட்டரைப் பார்த்து டீசல் கார் வாங்காதீர்கள்

போன கிழமை இன்னொன்று வந்து சேர்ந்தது. சாவகச்சேரியில் இடைவழியில் நின்றுபோன ஜெர்மன் டீசல் கார், லொறியில் ஏறி என் கராஜுக்கு வந்தது. கொழும்பில் வாங்கி ஏழு வாரம்தான். வாங்கியவர் ஓய்வுபெற்ற ஆசிரியர், காசு போட்டது சுவிஸில் இருக்கிற மகன். 2013ஆம் ஆண்டு வாகனம். லொறியிலிருந்து கார் இறங்க முன்னமே ஐயா சொன்னார்: "தம்பி, 46 ஆயிரம்தான் ஓடியிருக்கு."

இந்த வசனத்தைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

புகைக் குழாயில் கரியைப் பிடிக்கிற வடிகட்டியான டிபிஎஃப் அடைத்து, ஒயிலில் டீசல் கலந்து, கடைசியில் எஞ்சினுக்குக் காற்றை அழுத்தித் தள்ளுகிற டேர்போவும் போயிருந்தது. மீட்டரைத் திருப்பி விற்றிருப்பார்களோ என்று ஐயாவுக்குச் சந்தேகம். காரின் கணினியை ஸ்கான் போட்டு, மீட்டரைத் தவிர மற்றக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளில் பதிவான தூரத்தையும் பார்த்தேன். 46 ஆயிரம் உண்மைதான். விற்றவர் அந்த விஷயத்தில் பொய் சொல்லவில்லை. வாகனம் கெட்டதே அந்த 46 ஆயிரத்தால்தான் என்று நான் சொன்னபோது, ஐயா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

சரி, அவர் கணக்குப் படிப்பித்தவர், கணக்காகவே சொன்னேன். 12 வருடத்தில் 46 ஆயிரம் கிலோமீற்றர் என்றால் ஒரு நாளைக்குப் பத்துக் கிலோமீற்றர். காலையில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட ஐந்து, பின்னேரம் கடைக்குப் போய்வர ஐந்து. ஐந்து கிலோமீற்றருக்குள் டீசல் எஞ்சின் சரியாகச் சூடேறாது. சூடேறாவிட்டால் டிபிஎஃப் பிடித்த கரி எரியாது, அதை எரிக்கவென்று கூடுதலாக அடிக்கிற டீசல் ஒயிலுக்குள் இறங்கும். ஒவ்வோர் ஓட்டமும் குளிர்ந்த எஞ்சினை எழுப்பி, அது கண் விழிக்க முன்னமே திரும்ப நித்திரையாக்குவது மாதிரி. 46 ஆயிரத்தை ஐந்தால் பிரித்தால் 9,200 தடவை. இதே ஆண்டு, இதே மொடல் இன்னொரு கார் யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்குமாக 1 லட்சத்து 80 ஆயிரம் ஓடியிருக்கிறது என்று வையுங்கள். ஒரு வழி கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர். அப்படியானால் 450 பயணம். வவுனியாவில் தேத்தண்ணி, தம்புள்ளையில் சாப்பாடு என்று இறங்கி ஏறினாலும் இரண்டாயிரம் தடவைக்கு மேல் ஸ்டார்ட் பண்ணியிருக்க மாட்டார்கள். அதிலும் பாதிக்கு மேல் சூடான எஞ்சின்.

எனக்கு இரண்டில் ஒன்றைத் தந்தால், ஒயில் மாற்றிய பதிவு ஒழுங்காக இருந்தால், 1 லட்சத்து 80 ஆயிரத்தைத்தான் எடுப்பேன். இதை எத்தனை பேருக்குச் சொன்னாலும், தலையாட்டிவிட்டுப் போய் 46 ஆயிரத்தைத்தான் வாங்குகிறார்கள். நாளை இதையே ஒருவர் என்னிடம் கேட்பார், பாருங்கள்.

இரண்டாவது நம்பிக்கை வெளிநாட்டிலிருந்து போனில் வருகிறது. "இங்க இந்தக் கார் நாலு லட்சம் ஓடுது, மாமா." ஓடும், நான் மறுக்கவில்லை. அங்கே நெடுஞ்சாலை, சல்பர் (கந்தகம்) 10 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சத்தில் பத்துப் பங்குக்கு, மேல் போகாத டீசல். யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் அந்த நெடுஞ்சாலை இல்லை, சாதாரண டீசலில் சல்பரும் கூட. கிரேக்கத்தில் டாக்சியாக ஓடிய ஒரு மெர்சிடீஸ் 240டி, 46 லட்சம் கிலோமீற்றர் தாண்டி, 2004இல் கம்பனியின் அருங்காட்சியகத்துக்கே போனது. அதை எடுத்துக் காட்டுகிறவர்கள் அது 1976ஆம் ஆண்டு வாகனம், அதற்கு எஞ்சினும் மாற்றி மாற்றிப் போட்டார்கள் என்பதைச் சொல்வதில்லை.

நம்மவர்களுக்கு இன்னொரு பழைய ஞாபகமும் உண்டு. போர் நேரத்துப் பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய ஊர் இது. கார்பரேற்றருக்குள் ஒரு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் எடுத்த ஒஸ்டின் கேம்பிரிட்ஜ்களை நானும் சின்ன வயதில் தள்ளியிருக்கிறேன். அந்தக் கெட்டித்தனத்தை மதிக்கிறேன். ஆனால் 1997க்குப் பிறகு, எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாயிலிருந்து உயர் அழுத்தத்தில் டீசல் கொடுக்கிற கொமன் ரெயில் வந்துவிட்டது. உங்கள் ரயரில் இருக்கிற காற்று இரண்டரை பார். எஞ்சினுக்குள் டீசலைப் பீச்சுகிற இந்த இன்ஜெக்டருக்குள் போகிற டீசல் 1,600 முதல் 2,000 பார். அந்த அழுத்தத்தைக் கொடுக்கிற பம்புக்கு டீசல்தான் மசகு. அதில் மண்ணெண்ணெய் கலந்தால் பம்ப் தன்னைத்தானே அரைத்து, அந்த உலோகத் தூளை இன்ஜெக்டர்களுக்கு அனுப்பும். 2022 எரிபொருள் வரிசைக் காலத்தில் கலனில் சேர்த்த டீசலைப் பிறகு ஊற்றிவிட்டு வந்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? தாங்கிக்குள் தண்ணீரும் துருவும்.

சரி, எதை வாங்குவது? முதலில் உங்கள் ஓட்டத்தைச் சொல்லுங்கள். மானிப்பாயிலிருந்து டவுனுக்குப் போய்வருவதுதான் வேலை என்றால் டீசலே வேண்டாம், பெற்றோலோ ஹைபிரிட்டோ எடுங்கள். மாதத்தில் இரண்டு மூன்று தரமாவது கொழும்புக்குப் போகிறவருக்கு டீசல் பொருந்தும். ஒரே மொடல் என்றாலும் எந்த நாட்டுக்குச் செய்தது என்று பாருங்கள். சல்பர் கூடிய டீசல் விற்கிற நாடுகளுக்கென்று டிபிஎஃப் இல்லாமல் செய்தவையும் உண்டு. நமக்கு அதுதான் தோது.

சின்னத்தைப் பார்க்க முன் எஞ்சின் குறியீட்டைக் கேளுங்கள். பிஎம்டபிள்யூவின் என்47இல், வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கிற டைமிங் செயின் பின்னால், கியர்பொக்ஸ் பக்கம் இருக்கிறது. ஆரம்ப ஆண்டுகளில் வந்தவற்றில் அது தேய்ந்து அறுவது உலகறிந்த தலையிடி, செயினை மாற்ற எஞ்சினையோ கியர்பொக்ஸையோ இறக்க வேண்டும். மெர்சிடீஸின் ஓஎம்651இல் ஆரம்பகால டெல்ஃபி இன்ஜெக்டர்கள் மாற்றப்பட்டனவா என்று கேளுங்கள். டொயோட்டா என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: பிராடோவின் 1கேடியில் இன்ஜெக்டர் அடியிலுள்ள செப்பு வளையம் கசிந்தால், ஒயில் கரியாகி, ஒயிலை உறிஞ்சும் வலையை அடைக்கும். அப்புறம் எஞ்சினே போகும். இவை எல்லாம் திருத்தக்கூடியவை. திருத்தியாயிற்றா என்பதுதான் கேள்வி.

பார்க்கப் போகும்போது, காலையில் வாகனத்தை ஸ்டார்ட் பண்ணாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். போனதும் பொனட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் நன்றி சொல்லிவிட்டுத் திரும்பி வாருங்கள். எஞ்சின் ஆறியிருக்கும்போதே புகைக் குழாய்க்குள் விரலை விடுங்கள். டிபிஎஃப் வேலை செய்கிற வாகனத்தில் விரலில் கரி ஒட்டாது. டிபிஎஃப்போடு வந்த வாகனத்தில் கரி அப்பினால், அதை உள்ளே வெட்டி எடுத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். பிறகு ஸ்கான். பிழைக் குறியீடு இருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டாம், ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் டீசலைக் கூட்டிக் குறைத்துச் சரிக்கட்டுகிற திருத்த அளவும், கடைசியாக டிபிஎஃப் எரிந்து எத்தனை கிலோமீற்றர் என்பதும் வேண்டும். ஆளைக் கூட்டிக்கொண்டு போகச் சோம்பல் படாதீர்கள். என்னையே கூப்பிடுங்கள் என்று நான் சொல்லவில்லை, கோடிக் கணக்கில் கொடுக்கிற இடத்தில் ஒரு மெக்கானிக் பாஸின் நாள் கூலிக்குப் பேரம் பேசாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

வாங்கிவிட்டீர்களா? சல்பர் குறைந்த சூப்பர் டீசல் மட்டும் அடியுங்கள். ஒயிலுக்குப் புத்தகத்தில் 25 ஆயிரம் கிலோமீற்றர் என்று இருந்தால் அது ஐரோப்பாவுக்கு எழுதியது. நமது சூட்டுக்கும் டீசலுக்கும் ஏழாயிரம், அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அது. கம்பனி கேட்கிற ஒயில் தரம், மெர்சிடீஸ் 229.51 அல்லது பிஎம்டபிள்யூ லோங்லைஃப்-04 என்று கலனில் எழுதியிருக்க வேண்டும், கடைக்காரர் "இதுவும் அதுதான்" என்றால் நம்பாதீர்கள். ரேடியேற்றருக்குக் கிணற்றுத் தண்ணீர் விடவே கூடாது. கேத்தலுக்குள் படிகிற வெள்ளைச் சுண்ணாம்பை நீங்களே பார்த்திருப்பீர்கள், அதுதான் அங்கேயும் படியும். ஒயில் மட்டம் குறைந்தால் பதறுகிறவர்கள், கூடினால் பேசாமல் இருக்கிறார்கள். கூடுவதுதான் எனக்குப் பயம். டீசல் இறங்குகிறது, உடனே கொண்டு வாருங்கள்.

ஐயாவின் காருக்கு டேர்போ இன்னும் வரவில்லை. வந்து பூட்டியதும் அவருக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். பதினைந்து நாளுக்கு ஒருமுறை, ஞாயிறு காலையில், முறிகண்டிப் பிள்ளையாரிடம் போய்வர வேண்டும். பளை தாண்டி, ஆனையிறவு தாண்டி, சட்டத்துக்கு உட்பட்ட வேகத்தில் நிறுத்தாமல் ஓடினால் டிபிஎஃப் தானாக எரிந்து சுத்தமாகும். தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு திரும்பலாம். வீட்டு வாசலில் நிறுத்தும்போது விசிறி பலமாகச் சுற்றினால், சூட்டு மணம் வந்தால், இன்னும் எரிந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். எஞ்சினை நிறுத்தாமல் இன்னொரு பத்து நிமிடம் றோட்டில் ஓடிவிட்டு வாருங்கள்.