23 நாளாகத் தூங்காத கணினி

"நேத்து ராத்திரிதாண்டா ஷட்டவுன் பண்ணேன். காலையில ஆன் பண்ணா மறுபடியும் அதே தொல்லை. பிரிண்டர் ரெடின்னு காட்டுது, பேப்பர் மட்டும் வரமாட்டேங்குது" என்றார் சித்தி போனில்.

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தச் சொன்னேன். டாஸ்க் மேனேஜர் திறந்தது. அதில் 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்தில், சிபியு வரைபடத்துக்குக் கீழே 'அப் டைம்' என்று சின்னதாக ஒரு எண் இருக்கும். வாசிக்கச் சொன்னேன். 23:04:17:52. அதாவது 23 நாள், 4 மணி, 17 நிமிடம், 52 விநாடி. கணினி கடைசியாக முழுசாகப் புதிதாகத் தொடங்கி அவ்வளவு காலம் ஆகிவிட்டது.

சித்தி பொய் சொல்லவில்லை. கணினியும் சொல்லவில்லை. 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்' என்று ஒரு வசதி உண்டு. பல கணினிகளில் நாம் கேட்காமலே அது ஆன் ஆகியிருக்கும். ஷட்டவுன் கொடுத்தால் நாம் திறந்துவைத்த நிரல்கள் மூடப்படும். ஆனால் விண்டோஸின் உள்மையமான கெர்னலும், பிரிண்டர் போன்ற கருவிகளை இயக்கும் டிரைவர்களும் நினைவகத்தில் (மின்சாரம் நின்றால் அழிந்துவிடும் தற்காலிக இடம்) எந்த நிலையில் இருந்தனவோ, அந்த நிலையை அப்படியே வட்டில் (மின்சாரம் நின்றாலும் அழியாத சேமிப்பிடம்) எழுதிவைத்துவிட்டு மின்சாரம் நிற்கும். மறுநாள் அதையே திரும்ப வாசித்துச் சீக்கிரம் எழுந்துவிடும். நேற்று குழம்பிப்போன டிரைவர் இன்றும் அதே குழப்பத்தோடு எழும். ரீஸ்டார்ட் அப்படியல்ல, எல்லாவற்றையும் கலைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கும். பெயரைப் பார்த்தால் ஷட்டவுன்தான் பெரிய விஷயம்போலத் தோன்றும், உண்மை நேர்மாறு. (ஷிஃப்டை அழுத்திக்கொண்டே ஷட்டவுன் கொடுத்தால் அதுவும் முழுசாக அணையும்.)

சித்தி ரீஸ்டார்ட் செய்தார். பிரிண்டர் கடகடவென ஓடி ஆறு பிரதிகளைத் தள்ளியது. பேப்பர் வராத கோபத்தில் ஆறு முறை பிரிண்ட் அழுத்தியிருக்கிறார்; ஆறும் வட்டில் வரிசையாகக் காத்திருந்திருக்கின்றன.

சரி, ரீஸ்டார்ட் செய்தால் ஏன் சரியாகிறது? மென்பொருள் தேய்வதில்லை. வட்டில் இருக்கும் நிரல் பெரும்பாலும் நேற்று இருந்தபடியேதான் இன்றும் இருக்கிறது. மாறிக்கொண்டே இருப்பது, ஓடும்போது அது நினைவகத்தில் எழுதிக்கொள்ளும் குறிப்புகள். கணக்குப் பரீட்சையில் தாளின் ஓரத்தில் போடும் ரஃப் வொர்க் மாதிரி. சூத்திரம் சரியாகவே இருக்கும்; ஓரத்தில் ஒரு இலக்கம் தப்பினால் அதற்கப்புறம் வருவதெல்லாம் தப்பு. சில நிரல்கள் கைமாற்று வாங்கித் திருப்பித் தர மறக்கும் ஆட்களைப் போல: நினைவகத்தில் இடம் வாங்கும், வேலை முடிந்ததும் விடாது. ஒரு மணி நேரத்தில் தெரியாது. மூன்று வாரத்தில் கணினி மூச்சுவாங்கும்.

இன்னொரு வகை, எண்ணி எண்ணியே கெடுவது. விண்டோஸ் 95, 98 இரண்டிலும் கணினி தொடங்கியதிலிருந்து கடந்த மில்லிவிநாடிகளை 32 பிட் இடத்தில், அதாவது 0 அல்லது 1 மட்டும் வரும் 32 இலக்கங்களில், எண்ணிக்கொண்டிருந்தார்கள். அதில் அடங்கும் எண்ணிக்கை 4,294,967,296. கணக்குப் போட்டால் 49.7 நாள். அதைத் தாண்டினால் எண் பூஜ்யத்துக்குத் திரும்பும், கணினி உறைந்துபோகும். அந்தக் காலத்து விண்டோஸ் 49 நாள் விடாமல் ஓடுவதே அபூர்வம் என்பதால் பலருக்கு இந்தப் பிழை கண்ணில் படவே இல்லை. 2015இல் போயிங் 787 விமானங்களிலும் இதற்கு ஒரு தம்பி கிடைத்தது. மின்னாக்கிகளைக் கட்டுப்படுத்தும் அமைப்பு தொடர்ந்து 248 நாள் மின்சாரத்தில் இருந்தால் எண்ணி நிரம்பி, மின்சாரமே போய்விடக்கூடும். புதிய மென்பொருள் வரும்வரை, குறிப்பிட்ட இடைவெளியில் மின்சாரத்தை முழுவதும் நிறுத்திப் போடுங்கள் என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் உத்தரவிட்டது. விமானத்துக்கும் அதே வைத்தியம்தான்.

இது விளையாட்டுச் சமாச்சாரமும் அல்ல. 1991 பிப்ரவரி 25 அன்று சவூதி அரேபியாவின் தஹ்ரானில் அமெரிக்காவின் ஒரு பேட்ரியாட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பு, இராக் ஏவி வந்துகொண்டிருந்த ஸ்கட் ஏவுகணையைத் தவறவிட்டது. 28 வீரர்கள் இறந்தார்கள். அந்த அமைப்பு பத்தில் ஒரு விநாடியாக நேரத்தை எண்ணியது. பத்தில் ஒன்றை, 0, 1 மட்டும் கொண்ட இரும எண்ணாக முழுதாக எழுத முடியாது, 24 பிட்டில் வெட்டினால் ஒரு துளி மிச்சம் விழும். 100 மணி நேரம் ஓடியதில் அந்தத் துளிகள் சேர்ந்து சுமார் 0.34 விநாடி ஆகியிருந்தன. அதற்குள் ஸ்கட் அரை கிலோமீட்டருக்கு மேல் போய்விடும். நீண்ட நேரம் ஓடினால் குறி தப்பும் என்ற எச்சரிக்கை முன்பே போயிருந்தது. எவ்வளவு நேரம் என்பதை மட்டும் அதில் சொல்லவில்லை. திருத்திய மென்பொருள் மறுநாள் வந்து சேர்ந்தது.

வீட்டுக் கணினிக்குத் திரும்புவோம். ரீஸ்டார்ட் செய்தும் அதே கோளாறு அப்படியே திரும்பி வந்தால், அதுவும் ஒரு தகவல்தான். பிழை ஓரத்து ரஃப் வொர்க்கில் இல்லை. வட்டில் எழுதிவைத்த எதிலோ இருக்கிறது. ஒரு செட்டிங்கில், சிதைந்த கோப்பில், தொடங்கும்போதே கூட ஓடிவரும் ஏதோ ஒரு நிரலில். இனிமேல் கணினியிடம் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் சந்தேகப் பட்டியலைப் பாதியாக வெட்ட வேண்டும்.

ஒரு இணையப் பக்கம் திறக்கவில்லையா? பிரவுசரில் பிரைவேட் விண்டோவில் திறந்து பாருங்கள். அங்கே பழைய குக்கீகள் (தளங்கள் நம் பிரவுசரில் விட்டுச்செல்லும் சிறு குறிப்புகள்) இருக்காது, பிரவுசரில் நாம் கூடுதலாகச் சேர்த்த எக்ஸ்டென்ஷன்களும் பெரும்பாலும் ஓடாது. அங்கே திறந்தால் குற்றவாளி பெரும்பாலும் அந்த இரண்டில் ஒன்று. திறக்கவில்லையென்றால் அதே வைஃபையில் போனில் பாருங்கள். போனிலும் இல்லையென்றால் கணினியை விட்டுவிடலாம். ரவுட்டரோ இணைப்போ அந்தத் தளமோதான். மூன்று நிமிட வேலை.

நான் ஒருமுறை இந்த வரிசையைத் தாண்டிக் குதித்து அரை நாளைத் தொலைத்தேன். பழைய கணினி, எந்தத் தளத்தைத் திறந்தாலும் 'இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்றது. பிரவுசரை நீக்கிப் புதிதாகப் போட்டேன், ரவுட்டரை ரீசெட் செய்தேன், ஆன்டிவைரஸைத் திட்டினேன். திரையின் வலது ஓரத்தில் தேதி 2010 என்று இருந்ததைச் சாயங்காலம்தான் பார்த்தேன். பாதுகாப்பான தளம் ஒவ்வொன்றும் ஒரு சான்றிதழ் காட்டும். அதில் செல்லுபடியாகும் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. 2010இல் நிற்கும் கணினிக்கு அவை எல்லாம் இன்னும் பிறக்காத சான்றிதழ்கள். தாய்ப்பலகையில் கடிகாரத்தை ஓட்டும் காசு வடிவ பேட்டரி, சிஆர்2032, தீர்ந்துபோயிருந்தது.

கூட ஓடும் நிரல்மேல் சந்தேகம் என்றால் முதலில் சேஃப் மோட். அதில் மிகத் தேவையான டிரைவர்கள் மட்டும் எழும். அங்கே கோளாறு இல்லையென்றால், பின்னால் சேர்த்த ஏதோ ஒன்றுதான் காரணம். அப்புறம் வெட்டும் வேலை: கணினியோடு சேர்ந்து 32 நிரல்கள் தொடங்குகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தால் 31 முறைகூட ஆகலாம். பாதியை நிறுத்தி ரீஸ்டார்ட் செய்தால் 16, அதில் பாதி 8, 4, 2, 1. ஐந்தே ரீஸ்டார்ட். எதை நிறுத்தினீர்கள் என்று காகிதத்தில் எழுதிவையுங்கள். மூன்றாவது சுற்றில் கட்டாயம் மறந்துவிடும். இப்படிப் பாதியாக வெட்டுவதைத் தவிர, மற்ற திருத்தங்களில் ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். ஐந்தைச் சேர்த்துச் செய்து சரியானால் எது சரிசெய்தது என்று தெரியாது, சரியாகாவிட்டால் எது இன்னும் கெடுத்தது என்றும் தெரியாது.

பிழைச் செய்தியை மூடுவதற்கு முன் ஒரு போட்டோ எடுங்கள். 0எக்ஸ்80070070 என்று ஒன்று வந்தது என்று வைப்போம். முன்னால் வரும் 0எக்ஸ், இது பதினாறை அடியாகக் கொண்ட எண் என்கிறது. முதல் 8 என்றால் தோல்வி. நடுவில் உள்ள 7, இது விண்டோஸின் அடிப்படைப் பிழைப் பட்டியலிலிருந்து வந்தது என்பதைக் காட்டுகிறது. கடைசி 70ஐ நம் கணக்கில் மாற்றினால் ஏழு பதினாறு 112. பட்டியலில் 112ஆம் பிழை: வட்டில் இடம் போதவில்லை. அவ்வளவுதான். பெரிய கோப்புகள் நாலைக் கழித்துவிட்டு மறுபடி முயன்றால் பெரும்பாலும் முடிந்தது. அதே எண் 0005 என்று முடிந்தால் அனுமதி மறுக்கப்பட்டது என்று பொருள். பார்வைக்கு மிரட்டினாலும் உள்ளே சாதாரண வாக்கியம்தான்.

விண்டோஸில் அதிகம் பேர் திறக்காத ரிலையபிலிட்டி மானிட்டரையும் பாருங்கள். நாள்வாரியாக எது செயலிழந்து விழுந்தது, எது அப்டேட் ஆனது, எதை நிறுவினீர்கள் என்று காட்டும். சிவப்புக் குறிகள் செவ்வாய்க்கிழமை தொடங்கியிருந்தால் திங்கள், செவ்வாயில் என்ன வந்தது என்று பார்த்தால் போதும்.

கணினியில் நடப்பதைப் பதிவுகளாகக் காட்டும், இதன் அண்ணனான ஈவென்ட் வியூவர் வேறு மாதிரி. நல்ல ஆரோக்கியமான கணினியிலும் அதில் சிவப்பும் மஞ்சளும் கொட்டிக்கிடக்கும். தானாகவே போன் செய்து "உங்கள் கணினியில் வைரஸ்" என்பவர்கள் அதைத்தான் திறக்கச் சொல்வார்கள், ஆதாரம்போல. உடனே வைத்துவிடுங்கள். திரையில் திடீரென வரும் எச்சரிக்கையில் போன் நம்பர் இருந்தாலும் அதே கதைதான். மைக்ரோசாஃப்டின் உண்மையான பிழைச் செய்தியில் போன் நம்பர் வராது. உதவி எண்ணை பில்லிலிருந்தோ நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்தோ எடுங்கள்.

ரீஸ்டார்ட் செய்யவே கூடாத இடம் ஒன்று உண்டு. சுழலும் பழைய வகை ஹார்ட் டிஸ்கிலிருந்து 'டிக்... டிக்...' என்று ஒரே சீராகச் சத்தம் வந்து கோப்புகள் திறக்காமல் போனால், அது மென்பொருள் கோளாறு அல்ல. வட்டை வாசிக்கும் முனை தடம் தெரியாமல் முட்டிமுட்டித் திரும்புகிறது. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் இன்னும் கொஞ்சம் போகலாம். அணைத்துவிட்டு, பிளக்கையும் பிடுங்கிவிட்டு, அப்புறம் போனை எடுங்கள்.