சவலைப் பிள்ளையின் குடல்

"அடுத்தது வயித்துல வந்ததும் இது சவலையாப் போச்சு" என்று ஊர்ப்பக்கம் பாட்டிமார் சொல்வார்கள். தாய்க்கு மறுபடி கரு தங்கி, தாய்ப்பால் நின்று, நோஞ்சானாகிப் போகும் மூத்த பிள்ளைக்குத் தமிழில் உள்ள தனிப்பெயர் அது. மேற்கு ஆப்பிரிக்காவின் கா மொழியிலும் இப்படி ஒரு சொல் இருக்கிறது: குவாஷியோர்க்கர். அடுத்த குழந்தை பிறந்ததும் மூத்ததைப் பிடிக்கும் நோய் என்று பொருள். இன்றைய கானாவில் வேலை பார்த்த சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர், அங்குள்ள பெண்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டு, 1935-இல் லான்செட் இதழில் அந்தச் சொல்லையே நோயின் பெயராக எழுதினார்.

நம் சவலை மெலியும். குவாஷியோர்க்கர் வந்த குழந்தைக்கோ கால் வீங்கும். புறங்காலைக் கட்டைவிரலால் மூன்று விநாடி அழுத்திவிட்டு எடுத்தால் குழி அப்படியே நிற்கும். முகமும் உப்பியிருப்பதால், விவரம் தெரியாதவர்களுக்குக் குழந்தை கொழுகொழுவென்று இருப்பதாகக்கூடத் தோன்றும். இன்னொரு வகை மராஸ்மஸ், வெறும் எலும்பும் தோலும். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். மேற்கையைச் சுற்றி ஒரு வண்ணப் பட்டையை வைத்து அளப்பார்கள். ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குச் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் சிவப்பு. தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே ஒரு வாழைப்பழத்தின் தடிமன்தான் இருக்கிறது என்று அர்த்தம்.

சரி, சாப்பாடு இல்லாமல் வந்த நோய்தானே, சாப்பாடு கொடுத்தால் தீர்ந்தது என்றுதான் யாருக்கும் தோன்றும். பசி எடுத்துச் சாப்பிடும் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் அது உண்மையும்கூட. நிலக்கடலை விழுது, பால்பொடி, எண்ணெய், சர்க்கரை கலந்த சத்துப் பொட்டலத்தை வீட்டிலேயே கொடுத்துத் தேற்றிவிடலாம். பசியே எடுக்காமல், பேதியோ நிமோனியாவோ சேர்ந்துகொண்டு மருத்துவமனைக்கு வருகிறதே, அந்தக் குழந்தையின் கதை வேறு. பாலும் மருந்தும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் இறந்துபோகும் குழந்தைகள் உண்டு.

ஏன் என்று தேடியவர்கள் வந்து நின்ற இடம் குடல்.

குடலின் உட்புறத்தைத் தேங்காய்ப்பூத் துண்டு போல நினைத்துக்கொள்ளுங்கள். மேலே சிலிர்த்து நிற்கும் நூலிழைகள்தான் குடல் உறிஞ்சிகள். உணவை உறிஞ்சும் பரப்பு முழுவதும் அவற்றில் இருக்கிறது. அந்த மேல்தோல் செல்கள் நாலைந்து நாட்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாக முளைக்கும். முளைக்கப் புரதம் வேண்டும், சக்தி வேண்டும். அதில் பெரும்பங்கைக் குடல் செல்கள் தங்களைக் கடந்து போகும் உணவிலிருந்தே எடுத்துக்கொள்கின்றன. மேலே எதுவும் வராவிட்டால், துவைத்துத் துவைத்துத் தேய்ந்த பழைய துண்டு மாதிரி உறிஞ்சிகள் மழுங்கிவிடும். உணவு இல்லாததால் குடல் கெடுகிறது. குடல் கெட்டதால் கொடுக்கிற உணவும் உடலில் சேராமல் போகிறது. பாலின் சர்க்கரையை உடைக்கும் லாக்டேஸ் நொதி உறிஞ்சிகளின் நுனியில் இருப்பதால், முதலில் போவது அதுதான். கணைய நீரும் பித்தமும்கூடக் குறைந்துவிடுவதால் கொழுப்பும் செரிக்காமல் வெளியேறுகிறது.

பட்டினி மட்டும்தான் உறிஞ்சிகளைத் தேய்க்கும் என்றில்லை, அழுக்குத் தண்ணீரும் தேய்க்கும். நன்றாக நடமாடிக்கொண்டிருந்த ஊர் மக்களிடமே உறிஞ்சிகள் மழுங்கியிருப்பதை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளுக்கு முன்பே பார்த்திருக்கிறார்கள்.

செரிக்காமல் போவதைவிட ஆபத்தானது கசிவு. குடல் செல்களுக்கு இடையே இருக்கும் இறுக்கம் தளர்ந்துவிட்டால், குடலுக்குள் இருக்க வேண்டிய பாக்டீரியாவும் அதன் துணுக்குகளும் ரத்தத்துக்குள் நுழைகின்றன. தேறிய உடம்பாக இருந்தால் காய்ச்சல் அடித்து ஊரைக் கூட்டியிருக்கும். இந்தக் குழந்தைக்குக் காய்ச்சல் வரக்கூடத் தெம்பு இருப்பதில்லை. கிருமி ரத்தத்தில் இருக்கும்போதே உடம்பு சில்லிட்டுக் கிடக்கும். அதனால்தான் வார்டில் சேரும் எல்லோருக்கும் அறிகுறிக்காகக் காத்திராமல் ஆன்டிபயாடிக் தொடங்கிவிடுகிறார்கள். இரும்புச்சத்து மருந்தை மட்டும் முதல் சில நாட்களுக்குத் தள்ளிவைக்கிறார்கள், கிருமிகளுக்கும் இரும்பு பிடிக்கும் என்பதால்.

மலாவி நாட்டின் பிளாண்டயர் நகரில் உள்ள குயீன் எலிசபெத் மத்திய மருத்துவமனையில் இத்தகைய குழந்தைகளுக்கென்றே ஒரு வார்டு உண்டு. பெயர் மோயோ, அங்கே பேசும் சிச்சேவா மொழியில் உயிர் என்று பொருள். இந்த மருத்துவமனையில் சேர்ந்த 79 குழந்தைகளின் மலத்தையும் ரத்தத்தையும் பரிசோதித்த ஆய்வு ஒன்று 2016-இல் வெளியானது. 14 குழந்தைகள் இறந்துபோனார்கள். பேதி இருந்தவர்களுக்கு ஆபத்து அதிகம் என்பது எதிர்பார்த்ததுதான். இறந்தவர்களின் மலத்தில் கால்புரொடெக்டின் அதிகமாக இருந்தது என்பது கவனிக்க வேண்டியது. வெள்ளணுக்கள் சண்டையிடும் இடத்தில் சிந்தும் புரதம் அது. குடலில் நெருப்பு மூண்டிருக்கிறது என்பதற்கு அதுதான் புகை. ரத்தத்திலும் அழற்சிப் பொருட்கள் ஏறியிருந்தன. பியூட்டிரேட், புரோபியோனேட் என்ற இரண்டு அமிலங்கள் மட்டும் குறைந்திருந்தன. நாம் செரிக்காமல் விடும் நார்ப்பொருளைப் புளிக்கவைத்துக் குடல் பாக்டீரியா செய்து தருபவை அவை. பெருங்குடல் செல்களுக்கு முக்கிய எரிபொருளே பியூட்டிரேட்தான். ஒன்றோடு ஒன்று சேர்ந்து வருவதாலேயே ஒன்றுதான் மற்றதற்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது, அதுவும் வெறும் 79 பேரில். ஆனாலும் பார்வை பசியிலிருந்து குடலுக்குத் திரும்பியது.

அதே மலாவியில் 317 இரட்டைக் குழந்தை ஜோடிகளை மூன்று வயதுவரை பின்தொடர்ந்தது, குடல் நுண்ணுயிர்களை ஆராயும் அமெரிக்க விஞ்ஞானி ஜெஃப்ரி கார்டனின் குழு. ஒரே வீடு, ஒரே மக்காச்சோளக் களி, ஒரே தாய். அப்படியும் சில ஜோடிகளில் ஒன்றுக்கு மட்டும் குவாஷியோர்க்கர் வந்தது. இருவரின் குடல் நுண்ணுயிர்களையும் கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளுக்கு மாற்றி, மலாவி உணவையே போட்டார்கள். நோயுற்ற குழந்தையின் நுண்ணுயிர் பெற்ற எலிகள் சில ஜோடிகளில் கண்கூடாக இளைத்தன. கடலை விழுது கொடுத்தபோது நுண்ணுயிர்க் கூட்டம் தேறியது; பழைய உணவுக்குத் திரும்பியதும் மறுபடி சரிந்தது.

வார்டில் முதல் நாட்களில் நடப்பதைப் பார்த்தால் நம் வீட்டுக் கை பதறும். ஆறு கிலோ குழந்தைக்கு, வீக்கம் இல்லையென்றால், இரண்டு மணிக்கு ஒருமுறை ஏறக்குறைய 65 மில்லி பால். பாதி டீ கிளாஸ், அவ்வளவுதான். இரவிலும் எழுப்பித்தான் கொடுக்க வேண்டும். அந்தப் பாலின் பெயர் எஃப்-75. 100 மில்லியில் 75 கிலோகலோரி, புரதமும் குறைவு. பாவம் பட்டினி கிடந்த பிள்ளை என்று வயிறு முட்டக் கொடுத்தால், திடீரென ஏறும் இன்சுலின் ரத்தத்தில் மிச்சமிருக்கும் பாஸ்பேட்டையும் பொட்டாசியத்தையும் செல்களுக்குள் இழுத்துக்கொள்ளும், இதயம் தடுமாறும். பசி திரும்பி, வீக்கம் வடியத் தொடங்கிய பிறகே அடுத்த படி.

குடல்தான் கோளாறு என்றால் குடலைச் சரிசெய்யலாமே என்று பலரும் முயன்றார்கள். மோயோவிலேயே 795 குழந்தைகளைக் கொண்டு, ஒரு பகுதியினருக்கு நல்ல பாக்டீரியாவைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். குணமாகும் விகிதம் கூடவில்லை. தயிரில் எல்லாம் தீரும் என்று நம்பும் நமக்கு இது கொஞ்சம் ஏமாற்றம்தான். லாக்டோஸை நீக்கி, மாவுச்சத்தைக் குறைத்த எஃப்-75-ஐக் கென்யாவிலும் மலாவியிலும் 843 குழந்தைகளிடம் சோதித்தார்கள். அதுவும் பலன் தரவில்லை. வீட்டிலிருந்தே சிகிச்சை பெற்ற 2,767 மலாவிக் குழந்தைகளிடம் மட்டும் ஆன்டிபயாடிக் வேலை செய்தது. மருந்து பெறாதவர்களில் 100-க்கு 7.4 பேர் இறந்தார்கள். அமாக்ஸிசிலின் பெற்றவர்களில் 4.8, செஃப்டினிர் பெற்றவர்களில் 4.1. அப்புறம் நைஜரில் அமாக்ஸிசிலினை மட்டும் வைத்துச் சோதித்தபோது, குணமாகும் விகிதத்தில் சொல்லும்படியான வித்தியாசம் தெரியவில்லை.

எனக்குப் பிடித்த முயற்சி டாக்காவில் நடந்தது. கார்டன் குழுவும் வங்கதேச ஆய்வாளர் தஹ்மீத் அகமதுவின் குழுவும் சேர்ந்து, பாக்டீரியாவைக் கொடுப்பதை விட்டுவிட்டு, குழந்தையின் குடலில் வளராமல் தேங்கிப்போன பாக்டீரியாவுக்குத் தீனி போடும் உணவைத் தேடினார்கள். மீர்ப்பூர் சேரியில் ஓரளவு ஊட்டச்சத்துக் குறைந்த 123 குழந்தைகள், மூன்று மாதம். பாதிப் பேருக்கு வழக்கமான சத்துணவு, மீதிப் பேருக்குப் புதுக் கலவை. புதியதில் கலோரி குறைவு, ஆனால் எடை ஏறிய வேகம் அதில்தான் அதிகம். அந்தக் கலவையில் சேர்த்த முக்கியப் பொருட்கள் கொண்டைக்கடலை மாவு, சோயா மாவு, நிலக்கடலை, வாழைக்காய். வாழைக்காயின் மாவுச்சத்தில் ஒரு பங்கு சிறுகுடலில் கரையாமல் பெருங்குடல் வரை போகும். அங்கே பாக்டீரியா அதைப் பியூட்டிரேட்டாக மாற்றும். நாள்பட்ட பேதி பிடித்த குழந்தைகளுக்கு வேகவைத்த வாழைக்காயைக் கொடுத்துப் பேதி குறைவதை வங்கதேச மருத்துவர்கள் 2001-லேயே எழுதியிருந்தார்கள்.