யாரும் திருத்த முடியாத கலைக்களஞ்சியம் என்றால் நம்பிவிடலாமா?

இந்தப் பருவத்தில் இது ஏழாவது ஆய்வேடு. முதுகலை வரலாறு படிக்கும் மாணவி ஒருவர் உக்ரைன் போர் பற்றி எழுதியிருந்தார். துறையில் ஒப்படைக்கும் முன் மேற்கோள் பட்டியலைச் சரிபார்க்க நூலகத்துக்கு வந்தார். பட்டியலில் மூன்று இணையக் கலைக்களஞ்சியங்கள். "விக்கிப்பீடியாவுல இருந்து ஒரு வரிகூட எடுக்கலை மேடம்" என்று நான் கேட்கும் முன்பே சொல்லிவிட்டார். அவர்கள் துறையில் அதற்குத் தடை.

மூன்று பக்கங்களையும் அச்செடுத்து மேசையில் வரிசையாக வைத்தேன். இருவரும் பென்சிலோடு வரி வரியாகப் பார்த்தோம். முதல் இரண்டும் விக்கிப்பீடியாவின் பழைய பிரதி. ஒரு காற்புள்ளிகூட மாறவில்லை. மூன்றாவதிலும் அதே பத்திதான். ஆனால் 'இன்வேஷன்' (படையெடுப்பு) என்று இருந்த இடத்திலெல்லாம், ரஷ்ய அரசு சொல்வதுபோல் 'ஆபரேஷன்' (நடவடிக்கை) என்று இருந்தது. அவருடைய அத்தியாயம் முழுவதும் 'நடவடிக்கை' என்றே போயிருந்தது. போரில் எந்தப் பக்கம் என்றெல்லாம் அவர் யோசிக்கவே இல்லை. பார்த்து எழுதினார், அவ்வளவுதான். ஒரே மூலத்தை மூன்று மூலங்களாகக் காட்டி, அதில் கெட்டுப்போன பிரதியை எடுத்து எழுதியிருக்கிறார்.

'யார் வேண்டுமானாலும் திருத்தலாம், அதனால் விக்கிப்பீடியாவை நம்பக்கூடாது.' பதினெட்டு வருடமாக இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இதில் பாதி உண்மை. 2005இல் ஜான் செய்கன்தாலர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளரைக் கென்னடி கொலையோடு முடிச்சுப்போட்ட பொய் அங்கே நான்கு மாதம் அப்படியே கிடந்தது. சரி. ஆனால் இதை வைத்துக்கொண்டு, 'அப்படியானால் யாரும் திருத்த முடியாத தளத்தை நம்பலாம்' என்று எப்படித் தாவுகிறார்கள்? அங்கேயும் ஒருவர் உட்கார்ந்து எதைச் சேர்ப்பது, எதை விடுவது, எந்தச் சொல்லைப் போடுவது என்று முடிவு செய்கிறார். உங்களால் திருத்த முடியாது என்பதால் அவருக்குச் சாய்வு இல்லாமல் போய்விடுமா? பூட்டிய அறைக்குள் சமைத்தால் சாப்பாடு சுத்தம் என்று யாராவது சொல்வார்களா? திருத்த முடியுமா என்பதைக் கேட்காதீர்கள். யார் எப்போது எதை மாற்றினார் என்பது உங்கள் கண்ணுக்குத் தெரிகிறதா என்று கேளுங்கள்.

விக்கிப்பீடியா சாய்ந்திருக்கிறது, நாங்கள் நிமிர்த்துகிறோம் என்று சொல்லிக் கிளம்பிய தளங்கள் பல. 2006இல் ஆண்ட்ரூ ஷ்லாஃப்லி தொடங்கிய கன்சர்வபீடியா, அமெரிக்க வலதுசாரிப் பார்வையை வெளிப்படையாகவே வைத்துக்கொண்டது. ஐன்ஸ்டைனின் சார்பியல் கோட்பாட்டைக்கூட அது ஏற்கவில்லை. 2025 அக்டோபரில் ஈலான் மஸ்கின் நிறுவனம் வெளியிட்ட குரோக்கிபீடியா, செயற்கை நுண்ணறிவு எழுதியது. தொடங்கும்போதே சுமார் 8,85,000 கட்டுரைகள். அவற்றில் பலவற்றின் அடியில், விக்கிப்பீடியாவிலிருந்து எடுத்தாளப்பட்டது என்று அதுவே குறிப்புப் போட்டிருந்தது.

ரஷ்யாவின் ருவிக்கியைத்தான் மாணவர்களுக்கு அதிகம் எடுத்துச் சொல்கிறேன். ரஷ்ய விக்கிப்பீடியாவின் ஏறத்தாழ 19 லட்சம் கட்டுரைகளை எடுத்து வைத்துக்கொண்டு 2023இல் வந்தது. பெரும்பாலானவற்றை அப்படியே விட்டுவிட்டார்கள். உக்ரைன் போர் போன்ற விஷயங்களில் மட்டும் ரஷ்ய அரசின் பார்வைக்கு ஏற்பக் கைவைத்தார்கள். ஆபத்து இங்கேதான். பட்டாம்பூச்சி பற்றியோ பித்தாகரஸ் தேற்றம் பற்றியோ அங்கே போய்ப் பார்த்தால் எல்லாம் சரியாகவே இருக்கும். 'நல்ல தளம்' என்று மனம் முடிவு கட்டிவிடும். அடுத்து போர்க் கட்டுரையைத் திறக்கும்போது சந்தேகமே வராது.

விக்கிப்பீடியாவிலும் சாய்வு உண்டு. குரோவேஷிய மொழி விக்கிப்பீடியாவை ஒரு சிறு நிர்வாகிகள் குழு பல ஆண்டுகள் கையில் வைத்திருந்தது. இரண்டாம் உலகப் போரில் அந்நாட்டின் நாஜி ஆதரவு உஸ்தாஷா ஆட்சி நடத்திய யசெனோவாட்ஸ் வதைமுகாமின் கொடுமையைக் குறைத்து எழுதினார்கள். மாணவர்கள் அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று 2013இல் அந்நாட்டுக் கல்வி அமைச்சரே சொன்னார். 2021இல் விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை இதைப் பற்றி விரிவான அறிக்கை வெளியிட்டது. யார் எந்த வரியை மாற்றினார் என்ற பதிவு அழியாமல் இருந்ததால்தான் இதையெல்லாம் பிடிக்க முடிந்தது.

என் தொழிலிலும் இந்தச் சாய்வு உண்டு. பாடவாரியாக எண் கொடுத்து நாங்கள் புத்தகம் அடுக்கும் டூயி முறையில் 220 முதல் 280கள் வரையான எண்கள் கிறித்தவத்துக்கு. உலகத்தின் மற்ற மதங்கள் அத்தனையும் 290களுக்குள். தினமும் அந்த அலமாரிகளைத் தாண்டித்தான் நடக்கிறேன்.

1954இல் சோவியத் பெருங்கலைக்களஞ்சியத்தின் சந்தாதாரர்களுக்குத் தபாலில் புதிய பக்கங்கள் வந்தன. ஸ்டாலினின் ரகசியக் காவல்துறைத் தலைவராக இருந்த பெரியா பதவி பறிக்கப்பட்டுச் சுட்டுக்கொல்லப்பட்டிருந்தார். 5ஆம் தொகுதியில் அவரைப் பற்றிய பக்கங்களைக் கத்தரியாலோ பிளேடாலோ வெட்டியெடுத்துவிட்டு இவற்றை ஒட்டிக்கொள்ளச் சொன்னார்கள். அவர் இருந்த இடத்தில் பேரிங் கடல் பற்றி நீளமாக வந்தது. அந்தத் தாளில் வெட்டிய தடமாவது மிஞ்சும். மாற்றப் பதிவைக் காட்டாத இணையப் பக்கத்தில் அதுவும் இருக்காது.

ஆகவே, எந்தக் கலைக்களஞ்சியமாக இருந்தாலும் முதலில் மாற்றங்களைக் காட்டும் 'வரலாறு', அவற்றைப் பற்றி விவாதிக்கும் 'உரையாடல்' பகுதிகளைத் திறந்து பாருங்கள். அவை இல்லையென்றால் அந்தத் தளத்தை விட்டுவிடுங்கள். நடத்துவது யார், பணம் யாருடையது என்று தேடுங்கள். ஒரு முழு வாக்கியத்தை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடினால் பிரதிகள் வரிசையாக வந்து நிற்கும்; அரை நிமிட வேலை, அதற்குக்கூடச் சோம்பல் என்றால் ஆய்வு எதற்கு? சர்ச்சையான விஷயத்தை இரண்டு மொழிகளில் படித்துப் பாருங்கள். அப்புறம், அடிக்குறிப்பில் இருக்கும் நூலைத் தேடி எடுங்கள். எழுத வேண்டியது அந்த நூலிலிருந்து. கலைக்களஞ்சியம் உங்களை அதுவரை கூட்டிக்கொண்டு போனால் போதும்.

ஆசிரிய நண்பர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். 'விக்கிப்பீடியா கூடாது' என்று மட்டும் எழுதி நிறுத்திவிடுகிறீர்கள். பிள்ளைகள் அதே வரிகளை வேறு பெயரில் இருக்கும் இடத்துக்குப் போய் எடுத்து வருகிறார்கள். எந்தக் கலைக்களஞ்சியமும் ஆய்வேட்டுக்கு மூலநூல் ஆகாது, காரணம் இது என்று சொல்லிக்கொடுங்கள். ஆய்வேடு தொடங்கும் வாரத்தில் அவர்களை அரை மணி நேரம் நூலகத்துக்கு அனுப்புங்கள். அந்த மூன்று அச்சுப் பிரதிகளும், பென்சில் கோடுகளோடு, என் மேசை இழுப்பறையில்தான் இருக்கின்றன.