கண்ணை நீளமாக்குவது யார்?

“ஊரடங்கில் எந்நேரமும் போன்தான். இப்போது மைனஸ் பவர் வந்துவிட்டது. திரை வெளிச்சம்தான் கண்ணைக் கெடுத்ததா?” பெற்றோர் இன்றும் கேட்கும் கேள்வி இது.

சீனாவின் ஷாண்டோங் மாகாணத்தில் ஃபெய்செங் என்றொரு நகரம். அங்கே 2015 முதல் ஆண்டுதோறும் பள்ளிப் பிள்ளைகளின் கண்ணைச் சோதித்துவந்தார்கள். ஆறு வயதினரிடம் கிட்டப்பார்வை 5.7 விழுக்காட்டைத் தாண்டியதே இல்லை. 2020 ஜனவரி முதல் மே வரை வீட்டில் அடைந்து கிடந்த பிறகு சோதித்தால் 21.5. கண் குவிவதைத் தளர்த்தும் சொட்டு மருந்து விடாமல் எடுத்த அளவு என்பதால் கொஞ்சம் கூடுதலாகக் காட்டியிருக்கலாம். ஆனாலும் முந்தைய ஆண்டுகளிலும் அதே முறைதான். இதில் ஒரு விந்தை உண்டு. இணைய வகுப்பு ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்கு நாளுக்கு 1 மணி நேரம், அதற்கு மேல் படிப்பவர்களுக்கு இரண்டரை மணி நேரம். பவர் அதிகம் மாறியதோ 6 முதல் 8 வயதுச் சின்னவர்களுக்கு! திரை நேரத்தை மட்டும் வைத்து இதை விளக்க முடியாது. அந்த வயதுக் கண் வேகமாக வளரும் கண் என்பதை நினைவில் வையுங்கள்.

கிட்டப்பார்வை பெரும்பாலும் கண் நீண்டுபோவதால் வருவது. 1 மில்லிமீட்டர் கூடுதலாக நீண்டால் ஏறத்தாழ இரண்டரை டயாப்டர் (பவரின் அலகு) மைனஸ். எவ்வளவு வளர வேண்டும் என்று கண்ணுக்கு யார் சொல்கிறார்கள்? மூளை அல்ல, விழித்திரையே சொல்கிறது.

இதைக் காட்டியவை கோழிக்குஞ்சுகள். குஞ்சின் கண்ணில் மைனஸ் லென்ஸை மாட்டினால் பிம்பம் விழித்திரைக்குப் பின்னால் விழும். சில நாட்களில் கண் நீண்டு அதை எட்டிப் பிடித்துவிடும். பிளஸ் லென்ஸ் போட்டால் வளர்ச்சி மட்டுப்படும். பார்வை நரம்பைத் துண்டித்த பிறகும் இது நடக்கிறது! பாதிக் கண்ணை மட்டும் மங்கலான மூடியால் மறைத்தால், மறைத்த பக்கம் மட்டும் புடைக்கிறது. விழித்திரையின் ஒவ்வொரு பகுதியும் தனக்குப் பின்னால் உள்ள, கண்ணின் வெள்ளை வெளிச்சுவரிடம் நேரடியாகப் பேசுகிறது என்றுதானே பொருள்? “கோழிக்குக் கண்ணாடி மாட்டவா மக்கள் வரிப்பணம்?” என்று கேட்டு இத்தகைய ஆய்வுக்கு நிதியை மறுத்திருந்தால் இன்று நம் கையில் ஒன்றுமே இருந்திருக்காது.

இந்தப் பேச்சில் வளர்ச்சிக்குத் தடைபோடும் சொற்களில் ஒன்று டோபமைன் என்னும் வேதிப்பொருள். பிரகாசமான ஒளியில் விழித்திரை அதை நிறையச் சுரக்கும். டோபமைனைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்தால் குஞ்சுக்கு ஒளி தரும் பாதுகாப்பு போய்விடுகிறது. விளக்கெரியும் அறைக்குள் வெளிச்சம் சில நூறு லக்ஸ் (ஒளியின் அலகு) தான். வெளியே மரநிழலில்கூடப் பல ஆயிரம். ஊரடங்கு பறித்தது இந்த ஒளியை.

போனுக்குப் பங்கே இல்லை என்று சொல்லவில்லை. 20 சென்டிமீட்டரில் பிடித்துப் பார்க்கும் கண் 5 டயாப்டர் அளவுக்குக் குவிய வேண்டும். 3 மீட்டரில் உள்ள டிவிக்கு அது 0.33தான். பாடத்தைப் போனில் பார்ப்பதைவிடக் கல்வித் தொலைக்காட்சியில் பார்ப்பது கண்ணுக்கு எளிது.

செய்ய வேண்டியது, நாளுக்கு 2 மணி நேரம் வெளியில் விடுவது. சேர்த்து விட வேண்டியதில்லை, பிரித்துப் பிரித்து விட்டாலும் போதும். சீனாவின் குவாங்சோ நகரில் சில பள்ளிகளில் தினமும் 40 நிமிட வெளிவகுப்பைக் கூட்டினார்கள். 3 ஆண்டுகளில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் அந்தப் பள்ளிகளில் 30.4 விழுக்காடு, கூட்டாத பள்ளிகளில் 39.5. பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியாருக்குக் கொடுக்கும் பள்ளிகள்மீது எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

வந்துவிட்ட பவரை வெயில் குறைக்காது, கேரட்டும் குறைக்காது. “கண்ணாடி போட்டால் பவர் ஏறும்” என்று பிள்ளையை மங்கலாகவே பார்க்கவிடுவது தவறு. முதல் கண்ணாடிக்குச் சொட்டு மருந்து விட்டே பவர் பாருங்கள். விடாவிட்டால் சிறுவர் கண் தானாகக் குவிந்து, இல்லாத மைனஸைக் காட்டும். மருந்து விட்ட பிறகு வெளிச்சம் கூசும், பக்கத்து எழுத்து மங்கும். பெரும்பாலும் ஓரிரு நாளில் சரியாகிவிடும், சில மருந்துகளுக்குக் கூடுதல் நாள் பிடிக்கும். ஆகவே பரீட்சை நெருக்கத்தில் மட்டும் வேண்டாம்.