ஒரு கண் திடீரென இருண்டால்: உயர் அழுத்த ஆக்சிஜன் எங்கே உதவும்?

வலி எதுவும் இல்லாமல் ஒரு கண்ணில் மட்டும் பார்வை போய்விட்டது என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "எத்தனை மணிக்கு?" என்பதுதான். "நேற்று. தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன்" என்ற பதிலைக் கேட்கும்போது மனசு கனத்துப்போகிறது. வலி இல்லாததால் அவசரம் புரிவதில்லை.

விழித்திரையின் மையத் தமனி அடைபட்டால் இப்படி ஆகும். இது கண்ணில் வரும் பக்கவாதம். எடைக்கு எடை பார்த்தால், உடலில் மிக அதிகமாக ஆக்சிஜன் செலவழிக்கும் திசுக்களில் விழித்திரையும் ஒன்று. அதன் உள் அடுக்குச் செல்கள் அந்தத் தமனியை நம்பி இருக்கின்றன. வெளிப்புறத்தில் உள்ள ஒளி உணர் செல்களுக்கு, அவற்றின் பின்னால் இருக்கும் கோராய்டு என்ற ரத்தக்குழாய்ப் படலம் ஆக்சிஜன் தருகிறது. குரங்குகளில் செய்த ஆய்வுகளில், முழு அடைப்பை விழித்திரை சுமார் 100 நிமிடம் வரை தாங்கியது. 4 மணி நேரத்தில் சேதம் மீளாத அளவுக்குப் போய்விட்டது. மனிதர்களுக்குப் பல நேரங்களில் அடைப்பு முழுமையாக இருக்காது, அதனால் கொஞ்சம் கூடுதல் அவகாசம் கிடைக்கலாம்.

இந்த இடத்தில்தான் உயர் அழுத்த ஆக்சிஜன், அதாவது காற்றழுத்தம் கூட்டிய அறைக்குள் தூய ஆக்சிஜனைச் சுவாசிக்க வைக்கும் சிகிச்சை, உதவலாம். சாதாரணக் காற்றைச் சுவாசிக்கும்போது 100 மி.லி. ரத்தத்தில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் சுமார் 0.3 மி.லி.தான். 3 மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் தூய ஆக்சிஜனைச் சுவாசித்தால் அது 6 மி.லி. அளவுக்கு உயரும். அப்போது கோராய்டிலிருந்தே உள் அடுக்குகள் வரை ஆக்சிஜன் ஊடுருவும். அடைப்பை இது கரைக்காது. ரத்த ஓட்டம் திரும்பும்வரை செல்கள் சாகாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். சீக்கிரம் தொடங்கினாலும் எல்லோருக்கும் பார்வை திரும்பிவிடாது.

எனக்குக் கோபம் வருவது, மாகுலா என்ற விழித்திரை மையப் பகுதியின் சிதைவு, பார்வை நரம்பைக் கெடுக்கும் கிளாகோமா, பரம்பரை விழித்திரை நோய் எல்லாவற்றுக்கும் இதுவே தீர்வு என்று விற்கப்படும்போது. அவற்றைக் குணப்படுத்தும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. ஆக்சிஜனும் ஒரு மருந்துதான். அளவு மீறினால் கெடுக்கும். குறைமாதக் குழந்தைகளுக்குக் கட்டுப்பாடில்லாமல் ஆக்சிஜன் கொடுத்ததால் பலர் பார்வையிழந்தது 1950களில் தெரியவந்தது. பெரியவர்களுக்கும் பல அமர்வுகளுக்குப் பிறகு தற்காலிகக் கிட்டப்பார்வை வரலாம், இருக்கும் கண்புரை வேகமாக முற்றலாம். விழித்திரை அறுவை சிகிச்சையில் கண்ணுக்குள் வாயு வைத்திருந்தால், அது கரையும்வரை அழுத்த அறைக்குள் போகவே கூடாது.

சரி, பார்வை திடீரென மறைந்தால் என்ன செய்வது? ஆக்சிஜன் அறையைத் தேடி நீங்களே அலையாதீர்கள். பக்கவாதத்துக்கு அவசர சிகிச்சை தரும் மருத்துவமனைக்கு உடனே போங்கள். மறைந்த பார்வை சில நிமிடங்களில் திரும்பிவிட்டாலும் போங்கள். மூளைப் பக்கவாதத்துக்கு அது முன்னறிகுறியாக இருக்கலாம். 50 வயதைத் தாண்டியவருக்குப் புதிதாகத் தலைவலியோ மெல்லும்போது தாடை வலியோ இருந்தால், மருத்துவர் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள். அது தமனி அழற்சியாக இருந்தால், உடனே ஸ்டீராய்டு தராவிட்டால் அடுத்த கண்ணும் போய்விடக்கூடும்.